கலர் எடுத்த படம்

என் விரல் சும்மா இருக்காது. பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்ததும் போனை எடுத்து ஒரு படத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன். கோட்டக்குப்பத்தில் வீடு, திண்டிவனத்தில் வேலை. ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போகும்போது எடுத்த படங்களை வரும்போது கருப்பு வெள்ளையாக்குவேன். பக்கத்து சீட்டுப் பெண்கள் தூங்குவார்கள். எனக்குத் தூக்கம் வராது.

இந்தப் பழக்கம் கோபத்தில் ஆரம்பித்தது. வழியெல்லாம் மனைப்பிரிவு. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை விளைந்த கொல்லையில் மஞ்சளும் ரோஸுமாகக் கல் நட்டு, கலர் கலராகக் கொடி கட்டியிருப்பார்கள். ஏரியை எடுத்தால் ஓரத்தில் ஒரு ஃபிளெக்ஸ் பல்லைக் காட்டும். ஒருநாள் எரிச்சலில் கலரை எடுத்துவிட்டேன். கொடியெல்லாம் அடங்கி, பின்னால் இருந்த பனைமரங்கள் முன்னால் வந்து நின்றன. அன்றிலிருந்து விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டகப்பட்டுக்கே போய், அங்கே குகைக்கோயில் குடைந்த பாறையை மட்டும் எடுத்து வந்து வாரம் முழுக்க நோண்டிக்கொண்டிருந்தேன்.

கலரை எடுத்தால் போதும், கருப்பு வெள்ளை ஆகிவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் துவைத்துத் துவைத்து வெளுத்த யூனிபார்ம் மாதிரி ஒரு சாம்பல்தான் கிடைக்கும். படத்தில் கலர் போன பிறகும் ஒவ்வொரு கலரையும் தனித்தனியாக ஏற்றி இறக்க, போனில் நான் வைத்திருக்கும் ஆப்பில் வழி இருக்கிறது. நீலத்தை இறக்கினால் வானம் கறுக்கும். மஞ்சளை ஏற்றினால் மணலும் வைக்கோலும் பளிச்சென்று ஆகும். பச்சையைக் கொஞ்சம் தொட்டால் போதும், சவுக்குத்தோப்பின் முகமே மாறிவிடும். கண்ணுக்குத் தெரியாத கலர்கள்தான் உள்ளே இருந்து படத்தை ஆட்டி வைக்கின்றன. ஏற்றுவேன், இறக்குவேன், திருப்தி வராது, மறுபடி முதலிலிருந்து.

முடித்ததும் குவைத்தில் இருக்கும் என் கணவருக்கு அனுப்புவேன். ஒரு கட்டைவிரல் வரும். எந்தப் படத்துக்கும் அதே கட்டைவிரல். தன் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்து போனவர். அடுத்த பெருநாளைக்கு வருகிறேன் என்றார். அந்தப் பெருநாள் போனது, அதற்கடுத்ததும் போனது. லீவு கேட்டால் முதலாளி மூஞ்சியைத் தூக்கிக்கொள்கிறாராம். நானும் முதலில் அழுதேன், பிறகு சண்டை போட்டேன், பிறகு கேட்பதை நிறுத்திவிட்டேன். நிறுத்தினேனே தவிர, வாசலில் ஆட்டோ நின்றால் இன்றைக்கும் எட்டிப் பார்க்கிறேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவர் வர வேண்டும்.

போன மாசி மாதத்தில் ஒருநாள் காலை. என் மாமனார் விடியற்காலையில் ஃபஜர் தொழுதுவிட்டுக் கடற்கரைக்கு நடக்கப் போவார். அன்று நானும் பின்னால் போனேன். கடலரிப்புக்குக் கொட்டிய கருங்கல்லைத் தாண்டி, வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கைலியுமாகத் தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். எடுத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து நீலத்தை அடிமட்டத்துக்கு இறக்கினேன். வானமும் கடலும் ஒன்றாகக் கறுத்துப் போக, முதுகைக் காட்டியபடி அவர் மட்டும் வெள்ளையாக நடந்தார். அவ்வளவு நல்ல படம் நான் எடுத்ததே இல்லை. இதற்கும் ஒரு கட்டைவிரல்தானா என்று ஒரு வீம்பு வந்தது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலேயே போட்டேன். கீழே ‘நம்ம மாமா’ என்று மட்டும் எழுதினேன். போனை சைலண்டில் போட்டுப் பையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

மதியம் எடுத்துப் பார்த்தால் திரை முழுக்க மிஸ்டு கால். குரூப்பில், மவுத்து, அதாவது சாவுச் சேதி வந்தால் நாங்கள் எழுதுகிற ‘இன்னா லில்லாஹி’ என்ற ஒற்றை வரியை ஒருவர் மாற்றி ஒருவர் எழுதியிருந்தார்கள். துபாயிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து, பக்கத்துத் தெருவிலிருந்து. மாமா போய்விட்டார், எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை என்றுதான் நினைத்தேன். அவருடைய பட்டன் போனுக்கு அடித்தேன். யாராவது அழுதுகொண்டே எடுப்பார்கள் என்று காத்திருந்தேன்.

“மவுத்தா போன ஆளுதான் பேசறேன், சொல்லும்மா” என்றார் மாமா. “காலைலேர்ந்து ஆளுங்க வந்துக்கினே கீறாங்க. ஜனாஸா எப்பன்னு என்னையே கேக்கறாங்க. பெரிய பேஜாரா கீது.”

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எங்கள் குரூப்பில் யாராவது மவுத்தானால் முதலில் வருவது அவருடைய கலர் எடுத்த படம்தான். ஜனாஸா எப்போது, அடக்கம் எங்கே என்பதெல்லாம் பிறகு வரும். நானே எத்தனையோ பேருக்கு அந்த ஒற்றை வரியை எழுதியிருக்கிறேன். கடலையும் வானத்தையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை. பதறிப் போய்ப் படத்தை அழித்தேன். அழித்ததும், ‘பாவம், பாக்க முடியாம அழிச்சிட்டா போலருக்கு’ என்று கொழுந்தன் மனைவி எழுதினாள். மாமா நல்லா இருக்கார், தப்பு என்னுது என்று எழுதிவிட்டுக் கணவருக்கு அடித்தேன். பிஸி. மறுபடி பிஸி. குரூப்பில் நான் பிறகு எழுதியதையும் அவர் பார்க்கவில்லை.

அரை நாள் பர்மிஷன் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கிளியனூர் வரை அடித்துக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. ‘லீவு குடுத்துட்டாங்க. டிக்கெட் போட்டாச்சி. நான் வந்து முகம் பாக்கற வரைக்கும் அத்தாவை அடக்க வேணாம்னு சொல்லு.’ எனக்கு அழுகை வந்தது. அதோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமும் வந்தது. இப்போது நான் அடிப்பதை நிறுத்தினால் போதும். அவர் விமானம் ஏறிவிடுவார். விரல் போனின் மேலேயே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் கல்லும் கலர்க் கொடியும் போய்க்கொண்டிருந்தன. நல்லதைச் செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு ‘மாமா நல்லா இருக்கார்’ என்று அவருக்கே எழுதினேன், அவர் பார்த்ததாகத் தெரியவில்லை; மறுபடி அடித்தேன். பிஸி.

வீட்டுக்குள் நுழையும்போதுதான் அவரே கூப்பிட்டார். மாமா நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் ஸ்பீக்கரில் போட்டு அவரிடம் நீட்டினேன்.

“தம்பி, நான்தான்டா” என்றார்.

அந்தப் பக்கம் என் கணவர் அழுதார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அழுது நான் கேட்டதில்லை. என்ன நடந்தது என்று நான் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. “அத்தா, அத்தா மவுத்துன்னு சொல்லித்தான் லீவு வாங்கிக்கீறேன்” என்றார். “ஏர்போர்ட்டுக்கு வந்துட்டேன். பொய் சொன்னதா ஆய்டும். திரும்பிப் போய்டட்டுமா?”

நான் மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அத்தா மவுத்துக்குன்னு ஒரு தடவதானே லீவு குடுப்பான்?”

“ஆமா அத்தா.”

“அப்ப அத இப்பவே எடுத்துக்கினு வந்துடு. உசுரோட ஒரு தடவ பாத்துட்டுப் போ. நெஜமா ஆவற அன்னிக்கு நீ வர வேணாம். நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்.”

குவைத்தில் ஏதோ அறிவிப்பு ஒலித்தது.

“வர்றேன் அத்தா” என்றார் என் கணவர்.

போனை என்னிடம் கொடுத்த மாமா, கையை எடுக்காமல், “அது என்ன படம்மா? ஊரே பாத்துச்சி, நான் பாக்கல” என்றார். குரூப்பில்தான் அழித்திருந்தேன், ஆப்பில் இருந்தது. திறந்து காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கறுத்த கடலையும் அதன் ஓரத்தில் நடந்து போகும் தன் வெள்ளை முதுகையும் ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் எடுத்துக்கீற” என்றார். “அழிச்சிடாத. அவன் வர முடியாத அன்னிக்கு இதையே போடு.”