சைலன்சருக்குள் எரியும் பெட்ரோல்

எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே அவருடைய காரின் வெடிச்சத்தம் பட்டறைக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

டர்போ கார்களைப் பிரித்து, மாற்றி, ட்யூன் செய்து பிழைக்கிறேன். பனியன் கம்பெனியில் வேலை பார்க்க அப்பா தூத்துக்குடியிலிருந்து திருப்பூர் வந்தார். மகனும் அதே வேலைக்குப் போவான் என்று நம்பினார். நான் அவிநாசி ரோட்டில் கிரீஸும் கையுமாக நிற்கிறேன். நீங்கள் இந்தத் தொழிலில் இல்லாவிட்டாலும் இந்த வேதனையில் உங்களுக்கும் பங்கு உண்டு. உங்கள் தெருவிலும் அப்படி ஒரு கார் இருக்கும். அது போகும்போது டீயைச் சட்டையில் கொட்டியிருப்பீர்கள்.

அது ஏன் வெடிக்கிறது என்பது பெரிய ரகசியமில்லை. எஞ்சினுக்குள் எரிய வேண்டிய பெட்ரோல் எரியாமல் தப்பி, கொதிக்கிற சைலன்சர் குழாய்க்குள் போய், கொஞ்சம் காற்றும் கிடைத்ததும் அங்கே எரிகிறது. டர்போ காரில் காற்றையும் பெட்ரோலையும் கூடுதலாகத் திணிக்கிறோம். போதாததற்கு, கம்பெனி வைத்த புகை வடிகட்டியையும் சத்தத்தை அடக்கும் டப்பாவையும் கழற்றிவிடுகிறோம். பிறகு டப் டப்பென்று கேட்காமல் என்ன செய்யும்? ஆனால் பெட்ரோல் எந்த வழியாகத் தப்பியது என்பதுதான் காருக்குக் கார் மாறும்.

‘உஸ்’ சத்தத்துக்கு ஆசைப்பட்டவர்

சலீம் பாய்க்குக் காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ‘உஸ்’ஸென்று காற்று சீறுகிற வால்வு ஒன்றை எங்கேயோ வாங்கி மாட்டியிருந்தார். அன்றிலிருந்து கியர் மாற்றும்போதெல்லாம் வெடித்தது. மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டாரை வெள்ளகோவிலிலிருந்து அவரே அழைத்துவந்தபோது, பாதி வழியில் மாப்பிள்ளையின் அம்மா இறங்கி, பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாராம்.

கம்பெனி வால்வு, மிஞ்சிய காற்றை மறுபடி உள்ளேயே அனுப்பிவிடும். இவர் மாட்டியது வெளியே விடுகிறது. ஆனால் எஞ்சினின் கம்ப்யூட்டர் அந்தக் காற்றை ஏற்கெனவே அளந்து, அதற்குரிய பெட்ரோலைக் கொடுத்துவிடும். காற்று ரோட்டுக்குப் போய்விட, மிஞ்சிய பெட்ரோல் சைலன்சருக்குப் போகிறது. பழைய வால்வையே திரும்ப மாட்டினோம். வெடி நின்றது. நிச்சயமும் நல்லபடியாக நடந்தது. பாய் சுவீட் டப்பாவோடு வந்து சொன்னார்: “உஸ்ஸுன்னு ஒரு சத்தத்துக்கு ஆசைப்பட்டேனுங்க, டப்புன்னு ஒரு சம்பந்தமே போகப் பாத்துச்சு.”

கால் கனமென்று சொன்னார்கள்

மலர்விழி உடுமலைப்பேட்டைக்காரர். குழந்தைகள் உடை தைக்கும் யூனிட் ஒன்றைத் தனியாக நடத்துகிறார். காரை ஓட்டுவது அவருக்கு உயிர். பவரைக் கூட்டியதும் அவருடைய விருப்பம்தான். அழுத்தி ஓட்டினால் கார் திக்கித் திணறி வெடித்தது. போன இடத்திலெல்லாம் காரைப் பார்க்காமல் அவரைத்தான் பார்த்திருக்கிறார்கள். உங்கள் கால் கனம், கியர் தப்பாகப் போடுகிறீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் வீட்டுக்காரரும் அதையே சொல்லி, சாவியை வாங்கி வைத்துக்கொண்டாராம். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்த அன்று, பிரச்சினையைச் சொல்வதற்கு முன்பே, தான் சரியாகத்தான் ஓட்டுவதாக அவர் சொன்னார்.

அவரையே ஓட்டச் சொல்லி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. ஸ்பார்க் பிளக்கின் இடைவெளிதான் அதிகம். டர்போ காற்றின் அழுத்தம் கூடும்போது பொறி அந்த இடைவெளியைத் தாண்ட முடியாமல் அணைந்துவிடும். பெட்ரோல் எரியாமல் அப்படியே குழாய்க்குப் போய் வெடிக்கும். இடைவெளி குறைந்த பிளக் போட்டதும் கார் வழுக்கிக்கொண்டு போனது. திரும்பி வந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். பிறகு கேட்டார்: “அந்தப் பழைய பிளக்கை ஒரு கவர்ல போட்டுக் குடுங்க. ஊட்டுல காட்டோணும்.”

சைக்கிளில் வந்தவர்

பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கும் கோகுலின் கார், சிக்னலில் ஒரு சைக்கிள்காரரின் காதோரம் வெடித்தது. அவர் சைக்கிளோடு சாய்ந்து விழுந்தார். பெயர் ரஞ்சன், ஒடிசாவிலிருந்து வந்து நிட்டிங் கம்பெனியில் வேலை பார்ப்பவர். கோகுல் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் முட்டிக்குக் கட்டுப் போடவைத்து, நேராக எங்களிடம் வந்துவிட்டார். ரஞ்சன் முன் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஓட்டிவந்த கோகுல்தான் அந்தக் கட்டைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வெல்டர் சேவியர் அண்ணன் காருக்கடியில் படுத்துப் பார்த்து, டர்போவை ஒட்டிய குழாயில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்தார். அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. குழாயில் இருக்கும் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டு, பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டருக்குப் பொய்த் தகவல் சொல்கிறது. அது இன்னும் பெட்ரோலைக் கொட்டுகிறது. வெடிக்கத் தேவையான காற்று, பெட்ரோல், சூடு மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன. சேவியர் அண்ணன் பற்றவைத்து முடிக்கும்வரை கோகுல் ரஞ்சனுக்கு டீ, பன், மறுபடி டீ என்று வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது ரஞ்சன் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “அண்ணா, நான் பெல் அடிச்சுதான் போறேன். நீங்களும் முன்னாடி பெல் அடிங்க, அப்புறம் வெடிங்க.”

தோசைக்கல்

இதுவரை சொன்னதெல்லாம் கோளாறால் வெடித்த கார்கள். செந்திலின் கார் வேண்டுமென்றே வெடித்தது. காலை எடுத்த பிறகும் கொஞ்சம் பெட்ரோலை விட்டு, பொறியைத் தாமதப்படுத்தி, குழாயிலேயே எரிகிற மாதிரி கம்ப்யூட்டரை மாற்றி வைத்திருந்தார். இளைஞர்கள் விரும்பிக் கேட்கிற வேலை இது. டர்போவும் வால்வுகளும் சீக்கிரம் தேய்ந்துபோகும் என்றால் யாரும் காதில் வாங்குவதில்லை. செந்திலும் அதற்காக வரவில்லை. எதிர் வீட்டில் புதிதாகக் குழந்தை பிறந்திருக்கிறது, சாயங்காலம் இவர் கார் வந்தால் வீறிட்டு அழுகிறது, எடுத்துவிடுங்கள் என்றார். கூட அவருடைய அப்பா பழனிச்சாமியும் வந்திருந்தார். பல்லடத்தில் பல வருஷம் தறி ஓட்டியதில் காது ஏறக்குறைய போய்விட்டது. அம்மா இல்லாத வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

வேலையை முடித்து, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து காரைப் பெரியவருக்குப் பின்னால் நிறுத்தினேன். அவர் திரும்பவில்லை. செந்தில் போய்த் தோளைத் தொட்டதும் எழுந்து, கிளம்பலாமா என்றார். வெடிச்சத்தத்தை எடுத்துவிட்டோம் என்று காதருகில் உரக்கச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. வெளியிலிருந்து அவருக்குக் கேட்கிற ஒரே சத்தம் அதுதானாம். தெருமுனையில் அது கேட்டதும் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாராம். மகன் கை கால் கழுவி வருவதற்குள் முதல் தோசை தட்டில் இருக்கும். செந்திலுக்கே அது அன்றுதான் தெரிந்தது. திரும்பப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். பெரியவர் தலையசைத்து மறுத்தார். பச்சைக் குழந்தை தூங்கட்டும் என்றார்.

சில மாதம் கழித்து ஆயில் மாற்ற வந்தபோது, அப்பா எப்படி இருக்கிறார் என்று செந்திலிடம் விசாரித்தேன். அவர் சொன்னார்: “முன்னெல்லாம் சூடாத் தின்னுபோட்டு ரூமுக்குப் போயிருவேனுங்க. இப்ப நான் போய்த் தொட்டாத்தான் அடுப்பே பத்த வைக்கறாரு. கல்லு காயற வரைக்கும் பக்கத்துல நின்னு பேசிட்டு இருக்கறேன். கத்தித்தான் பேசோணும், ஆனா அதுக்கு அந்தக் கொழந்தை எந்திரிக்கறதில்லீங்க.”

கார் ஏன் வெடிக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு லேப்டாப் போதும். அதை ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான், வந்தவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பேச, பக்கத்து டீக்கடைக்காரர் தயவு தேவைப்படுகிறது.