ஊதா மூடிக் குழாயிலிருந்து கொஞ்சம்

எங்கள் அண்ணி ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தார். அங்கே அவருக்குக் ‘கொசு’ என்று பெயர். கடித்தது தெரியாது, ரத்தம் போயிருக்கும். மற்றவர்கள் நரம்பு கிடைக்காமல் கைவிட்டபின், “கொசுவைக் கூப்பிடுங்கப்பா” என்பார்கள். யாரையும் இரண்டாம் தடவை குத்தியதில்லை என்பது அவர் பெருமை. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவருக்கும் சேர்த்து அம்மா சொல்லிக்கொள்வாள்.

“என் மருமக ஊசி குத்தினா தூங்கறவங்க கண்ணு முழிக்க மாட்டாங்க.”

“அப்படிச் சொல்லாதீங்க அத்தை. நான் ஆளையே முடிச்சுட்டேன்னு நினைச்சுக்கப் போறாங்க.”

அம்மாவுக்கு அடிக்கடி கால் இழுத்துப் பிடிக்கவே, ஒரு காலையில் அண்ணனும் நானும் அவளை அங்கேயே அழைத்துப்போனோம். எதிர்ப் பெஞ்சில் காத்திருந்தவர்களிடம் அம்மா மருமகளின் கைராசியை அளந்துகொண்டிருந்தாள். முறை வந்ததும் கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வாய்ப்பேச்சுதான் வீரம், ஊசியைப் பார்க்கமாட்டாள். நான் வெளியே செருப்புகளுக்குக் காவலாக நின்றிருந்தேன். சிறிது நேரத்தில், “முடிஞ்சிருச்சு அத்தை, போய்ச் சாப்பிடுங்க” என்று அண்ணியின் குரல் கேட்டது. அட்டெண்டர் வந்து குழாய்களை எடுத்துப்போனார்.

கேன்டீனில் கை கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணனின் போன் அடித்தது. உடனே அம்மாவை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்து நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். பொட்டாசியம் கன்னாபின்னாவென்று ஏறியிருப்பதாகவும், எந்த நேரமும் இதயம் நின்றுவிடலாம் என்றும் டாக்டர் சொன்னார். அண்ணன் கட்டிலருகே ஓடினான்.

“எனக்கு ஒண்ணுமில்லடா. அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வை” என்றாள் அம்மா.

அண்ணி ஓடிவந்தார். ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தார். பொட்டாசியத்தைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனதும் அவர் முகம் வெளுத்தது. கால்சியம் அநேகமாக இல்லவே இல்லை என்றிருந்தது.

“டாக்டர், இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துடலாமா?”

“எடுங்க. அதுக்குள்ள மருந்து ஏறட்டும். இவ்வளவு பொட்டாசியத்தை வச்சுக்கிட்டு காத்திருக்க முடியாது.”

நர்ஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார். பொட்டாசியத்தை இறக்கும் மருந்து அது. சரியாக இருக்கிற உடம்பில் ஏற்றினால் அதுவே ஆபத்து.

“சாம்பிள் கொண்டுபோறப்ப குலுங்கியிருக்கும் டாக்டர். அதனாலயும் ஏறும்” என்றார் அண்ணி. இன்னொரு ட்ரேயுடன் அந்த அட்டெண்டர் வாசலிலேயே நின்றிருந்தார்.

“குலுங்கி ரத்த அணு உடைஞ்சிருந்தா மேல நிக்கிற தண்ணி சிவந்திருக்கணும். தெளிவா இருக்குன்னு லேப்ல சொல்றாங்க.” டாக்டர் நர்ஸ் பக்கம் திரும்பினார். “ஆரம்பிங்க.”

“வேண்டாம்!” என்று அண்ணி பாட்டிலின் ட்யூபைப் பிடித்துவிட்டார். “அவர் குலுக்கல. நான்தான். மஞ்சள் மூடிக் குழாய்ல ரத்தம் பாதியில நின்னுடுச்சு. ஊதா மூடிக் குழாயைத் திறந்து அதிலிருந்து கொஞ்சம் ஊத்தி நிரப்பினேன்.”

ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாதிருக்க ஒரு மருந்து இருக்கும். அதுவே பொட்டாசிய உப்பு. கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தத் துளிகள்தான் அம்மாவைச் சாகக் கிடப்பவளாக்கியிருந்தன. வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

டாக்டர் திட்டவில்லை. “வேற யாராவது எடுங்க” என்று மட்டும் சொன்னார். வேறொருவர் எடுத்தார், இரண்டு தடவை குத்தி. எல்லாம் சரியாக இருந்தது. காத்திருந்த நேரம் முழுக்க அண்ணி திரைச்சீலைக்கு வெளியே, தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல நின்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மாதான் பேசினாள். “என்மேல இருக்கிற பாசத்துல செஞ்சுட்டா. மாமியாரை ரெண்டு தடவை குத்த எவளுக்கு மனசு வரும்? எனக்கு வந்திருக்கும்.” அண்ணன் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை.

அம்மா போய்ச் சில வருஷங்களுக்குப் பிறகு, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே அண்ணி தானாகச் சொன்னார்: “பாசமாவது ஒண்ணாவது. அத்தை அன்னைக்குப் பெஞ்சுல இருந்தவங்ககிட்ட என்னைப் பத்தி அவ்வளவு சொல்லிட்டாங்க. பெஞ்சு முழுக்க என் கையையே பார்த்துக்கிட்டிருந்தது. அவங்க முன்னாடி மறுபடி குத்த எனக்குக் கேவலமா இருந்துச்சு. கடைசிவரைக்கும் அத்தை அதைப் பாசம்னே நம்பினாங்க. நானும் நம்ப விட்டுட்டேன்.” ஈரப் புடவையின் மறுமுனையை நான் பிடித்திருந்தேன். உதறி, கொடியில் போட்டோம்.

ரிடையராகும்வரை அதே வேலையில்தான் இருந்தார். ரத்தம் நின்றுவிட்டால், பெஞ்சில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி, “எனக்குச் சரியா வரல, இன்னொரு தடவை குத்தணும்” என்பாராம். கொசு என்று கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கமாட்டாராம்.

போன வாரம் அண்ணியைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது லேபிலிருந்து பலர் வந்தார்கள். “கொசு போயிட்டாளே” என்று ஒரு பெண் அழ ஆரம்பித்தார். பின்னால் ஒரு வயதானவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அட்டெண்டர்தான், முடி முழுக்க நரைத்துவிட்டது.

“இங்க அந்தப் பேரு வேண்டாம்மா. அவங்களுக்குக் கூசும்” என்றார்.