பாதி மாத்திரை

அம்மாவின் மாத்திரையை உடைத்தது நான்தான்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கரண்ட் பில்லிலிருந்து ஸ்கேன் அறிக்கை வரைக்கும் எல்லாத் தாளும் என் கைக்குத்தான் வரும். மார்பில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்குப் போனபோது, சேலத்தில் ஒரு மருத்துவமனையில் அம்மாவுக்கு மார்ஃபின் எழுதிக்கொடுத்தார்கள். பஸ் நாமக்கல் வந்து சேர்வதற்குள் செல்போனில் தேடிப் படித்துவிட்டேன். பழக்கமாகிவிடும், மூச்சு நின்றுவிடும் என்று என்னென்னவோ. அன்றிலிருந்து பிளேடால் பாதியாக்கினேன். அந்தப் பாதியையும் அவள் தாங்கமாட்டாமல் கேட்டால்தான் கொடுப்பேன். அவள் ஏன் என்று கேட்டதில்லை. உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

அடுத்த முறை போனபோது, டாக்டரைப் பார்க்குமுன் ஒரு நர்ஸ் எங்களையும் இன்னும் மூன்று குடும்பங்களையும் வட்டமாக உட்காரவைத்தார். என் வயதுதான் இருக்கும். பூஜ்யம் முதல் பத்து வரை கோடு போட்ட அட்டையைக் காட்டி, வலி எதில் நிற்கிறது என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். “ரண்டுங்க.”

வரும் வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவள் நகம் என் மணிக்கட்டில் பதிந்திருந்தது.

பக்கத்தில் இருந்த லாரி டிரைவர் சிரித்தார். “இந்தக்கா பல்லக் கடிச்சிட்டு ரண்டுங்கறாங்க. அப்ப என்னுது மைனஸ்ல போட்டுக்கங்க சிஸ்டர்.”

நர்ஸ் எங்கள் மாத்திரை அட்டைகளையும் மிச்சமிருந்த பாதித் துண்டுகளையும் வாங்கிப் பார்த்தார். “இத்தன மாத்திர மிச்சம் இருக்கக்கூடாதே. முன்ன என்ன வேல பாத்துட்டு இருந்தீங்கம்மா?”

“கோழிப்பண்ணைல முட்ட எடுக்கறதுங்க.”

“கோழிக்குத் தடுப்பு மருந்து எப்பக் குடுப்பீங்க?”

“நாள் கணக்கு இருக்குதுங்க. சீக்கு வந்தப்புறம் குடுத்தா கொட்டாயே காலியாயிரும்.”

“இதுவும் அப்படித்தான். வலிய ஏற உட்டுட்டா எறக்கறது கஷ்டம். மணி பாத்துப் போடணும். இதைப் பாதியா ஒடச்சது யாரு?”

அம்மா முந்திக்கொண்டாள். “நாந்தானுங்க. புத்தி கெட்டுப்போயி.”

“இல்லைங்க, நான்,” என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். எழுந்து வெளியே போய்விடலாமா என்றிருந்தது.

நர்ஸ் திட்டவில்லை. எதற்குப் பயந்தேன் என்று கேட்டார், சொன்னேன். டாக்டர் சொன்ன அளவில் வலிக்காகச் சாப்பிடுவது போதைக்காகச் சாப்பிடுவதாகாது என்றார். முதல் சில நாள் தூக்கம் வரும். மலம் இறுகும், அதற்குத் தனி மாத்திரை தினமும் வேண்டும். எழுப்பினால் எழாவிட்டாலோ, மூச்சு மிகவும் மெதுவானாலோ உடனே மருத்துவமனையைக் கூப்பிட வேண்டும். சொல்லிவிட்டு, திருப்பிச் சொல்லுங்கள் என்றார். நான் வாயைத் திறந்தேன்.

“நீங்க இருங்க சார். அம்மா சொல்லட்டும்.”

அம்மா ஒன்றுவிடாமல் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

வீட்டில் மணி பார்த்து முழு மாத்திரை கொடுத்தேன். மூன்றாம் நாள் மதியம் அவள் தூங்கினாள். அப்படித் தூங்கிப் பல வாரமாயிற்று. என்னால் இருக்கமுடியவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “இன்னும் சாகல சாமி. நீ போயிச் சோறு உண்ணு.”

தட்டைப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு வாய் தின்றுவிட்டு, கை கழுவாமலே எழுந்து போய் மறுபடி பார்த்தேன்.