மோட்டர் போடாத பின்னேரங்கள்

அப்பாவுக்கு இருதயத்தில் அடைப்பெடுத்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பாரம் தூக்கக் கூடாது என்று வைத்தியர் சொன்னது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அவரைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டவள் நான்தான்.

புத்தூரில் எங்கள் வீட்டுச் சாமியறைக்கு மட்டும்தான் ஒழுங்காகச் சாத்தும் கதவு இருக்கிறது. அங்கே மேசை போட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. மத்தியானம் தொடங்கினால் இரவுச் சாப்பாடு வரைக்கும் போகும். கதவுக்கு வெளியே அப்பா, அம்மா, அக்கா, அக்காவின் கைக்குழந்தை.

ஒருநாள் நான் கதைத்துக்கொண்டிருக்கும்போது அப்பா மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணி மோட்டரைப் போட்டுவிட்டார். மறுமுனையில் இருந்த பெண், நீ என்ன தொழிற்சாலையிலா இருக்கிறாய் என்று கேட்டாள். அன்றைக்கே மேலதிகாரி கூப்பிட்டுச் சொன்னார், இன்னொருமுறை என்றால் வேலை இல்லை என்று. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"இனி மோட்டரைப் போட்டியளெண்டால் நான் கொழும்புக்கே போயிடுவன்!" என்று கத்தினேன். குழந்தையின் அழுகைக்கும் சேர்த்துத்தான் கத்தினேன்.

அதன்பிறகு வீடு அடங்கிவிட்டது. அக்கா பின்னேரங்களில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அம்மா நாட்காட்டித் தாளைக் கிழித்து, "புட்டோ இடியப்பமோ?" என்று எழுதி, கதவுக்குக் கீழால் தள்ளினாள். கிணற்றடியில் கப்பி கிறீச்சிடும் சத்தம் மட்டும் இடைக்கிடை கேட்டது. யார் தண்ணி அள்ளுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கப்பிக்கு எண்ணெய் விடச் சொன்னேன். விட்டார்கள்.

அன்றைக்கு நாலு மணியிருக்கும். ஒரு கிழவர் தன் கணக்கு முடங்கிவிட்டதென்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். மேலதிகாரியும் அந்தத் தொலைபேசிக் கோலைக் கேட்டுக்கொண்டிருந்தார். கதவுக்குக் கீழால் தாள் வந்தது. இராச் சாப்பாடு பற்றித்தான் இருக்கும் என்று காலால் ஒதுக்கினேன். இன்னொரு தாள் வந்தது. அம்மாவுக்கு வேறு வேலை இல்லை என்று பல்லைக் கடித்தேன். கிழவர் சமாதானமாகி நன்றி சொல்லி வைக்கப் பதினொரு நிமிடம் பிடித்தது. திரையில் பார்த்ததால் தெரியும்.

குனிந்து முதல் தாளை எடுத்தேன். "அப்பாவுக்கு நெஞ்சுநோ. வா" என்று இருந்தது.

ஹெட்போன் கழுத்தில் தொங்க ஓடினேன். அப்பா கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும் கல்லில் சாய்ந்திருந்தார். காலடியில் மிளகாய்க் கன்றுகளுக்கு அள்ளிய வாளி கவிழ்ந்து கிடந்தது. வேர்த்து ஊற்றியது. உதடு நீலமாகியிருந்தது. அம்மா அவருடைய நெஞ்சைத் தடவிக்கொண்டே சத்தம் வராமல் அழுதாள்.

"கூப்பிடுறதுக்கு என்னம்மா!" என்று அப்போதும் கத்தத்தான் வந்தது எனக்கு.

"கூப்பிட வெளிக்கிட்டனான். உவர்தான் என்ரை வாயைப் பொத்தினவர். பிள்ளை கதைக்கிறாள், சத்தம் போடாதை எண்டு."

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திவிட்டேன் என்று அந்த இடத்திலேயே விளங்கியது. ஓட்டோ வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவருடைய மூக்கின் கீழ் விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். மூச்சு வந்துகொண்டிருந்தது. அடுத்தது வராமல் போனால் என்ற பயத்தில் விரலை எடுக்கவே இல்லை. பதினொரு நிமிடம், பதினொரு நிமிடம் என்று மனம் அரற்றியது. அவர் போய்விட்டால் அந்த நிமிடங்களை யாரிடம் சொல்லுவேன்?

மருந்தேற்றி, இரவு முழுக்க வைத்துப் பார்த்து, தப்பிவிட்டார் என்று காலையில்தான் சொன்னார்கள். உள்ளே போக என்னை ஒருத்தியை மட்டும் விட்டார்கள். அப்பா கண்ணைத் திறந்தார். பக்கத்தில் நான் நிற்பது தெரிந்ததும் முகத்தில் ஒரு பதற்றம் வந்தது. வயர்கள் ஒட்டியிருந்த நெஞ்சைக் கொஞ்சம் தூக்கி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி,

"கோல் முடிஞ்சுதோ பிள்ளை?" என்றார்.

அப்பாவுக்கு என்னிடம் பயம் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.