முடிச்சில்லாத கம்பளம்

குத்தூசிக் கம்பளத் தொழிலில் நாம் வேலை செய்வதெல்லாம் துணியின் பின்பக்கத்தில்தான். முன்பக்கம் எப்படி அமைந்தது என்பதைப் பெரும்பாலும் பிறர் வாயால்தான் அறிகிறோம். நடுவயதில் ஒரு கைவேலையைக் கற்கப் புகுந்து, தம்மைவிட இளையவரிடம் திட்டு வாங்கிய வாசகர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம். எழுபதுகளின் நடுவில், மரக்காணம் உப்பளங்களை ஒட்டித் தொடங்கிய ஒரு கம்பளக் கூடத்திற்கு என்னை மேற்பார்வையாளராக நியமித்தார்கள். பட்டம் இருந்தது; ஊசி பிடிக்கத் தெரியாது. ஆகவே மற்றப் பெண்களோடு நானும் மாணவியானேன்.

தொய்ந்த துணி

மரச்சட்டத்தில் சாக்குத்துணியை விறைப்பாக இழுத்து ஆணியடிக்க வேண்டும். குழல் போன்ற ஊசியில் கம்பளி நூலைக் கோத்துக் குத்தி எடுத்தால், மறுபக்கத்தில் ஒரு வளையம் நிற்கும். காலையில் இறுக்கிய துணி, கடற்காற்றின் ஈரத்தில் மதியத்திற்குள் தொய்ந்துவிடும். அதைக் கவனியாமல், ஊசியை உயரத் தூக்கித் தூக்கி நான் குத்திக்கொண்டே போனேன். ஊசியோடு வளையங்களும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. புதுச்சேரியிலிருந்து வந்து கற்றுக்கொடுத்த பிலோமினா பின்னால் நின்று பார்த்தாள்.

"படிச்சவங்கதான், ஒத்துக்கறேன். அதுக்காக ஊசிய ஆகாசத்துக்கா தூக்குவீங்க? துணிய உரசிக்கிட்டே போங்கக்கா!"

கஸ்தூரியின் கை

என் பக்கத்துச் சட்டம் கஸ்தூரியுடையது. உப்பளத்தில் உப்பு வாரியவள். உப்புநீரில் நின்று நின்று பாதப் புண் ஆறாமல் போகவே, இனி உப்புப் பாத்தியில் இறங்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மாத முடிவில் முதலாளி வருவார். தரையில் சீராகப் படியும் கம்பளம் செய்தவர்களுக்கே வேலை. தேறாவிட்டால் அவளுக்கு மீண்டும் பாத்திதான்.

அவள் பிறந்த வீடு அனுமந்தை மீனவர் குப்பம். தகப்பனாரோடு வலை சரிசெய்து பழகிய கை. அதனால் ஒவ்வொரு வளையத்திற்கும் பின்னால் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டாள். கம்பளம் வேர்க்கடலை பரப்பியதுபோல மேடும் பள்ளமுமாக இருந்தது. வளையங்கள் நெருக்கமாக நின்றாலே ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும் என்று பிலோமினா எவ்வளவோ விளக்கினாள். கஸ்தூரி என்னைப் பார்த்தாள்.

"முடிச்சு போடாத நூல நம்பி எப்படிக்கா வூட்டுக்குப் போறது?"

காலை விசாரிப்பு

பிலோமினா விடாததால், கஸ்தூரி எல்லாவற்றையும் பிரித்தெறிந்துவிட்டு, புதுத் துணியில் முடிச்சின்றித் தொடங்கினாள். மறுநாள் முதல், நான் பூட்டைத் திறக்கும் முன்பே வாசலில் நிற்பாள். நேராகத் தன் சட்டத்திற்குப் போய், காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல வளையங்களைத் தடவிப் பார்ப்பாள். "உதிர்ந்துவிடும் என்று இன்னும் பயமா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அந்த பயம்லாம் போயிடுச்சுக்கா. ராத்திரி பூரா ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கினு இருக்குதுங்களே, அதப் பாக்கத்தான் வர்றேன்."

முதலாளியின் சோதனை

முதலாளி, கம்பளங்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் கோட்டக்குப்பத்து வியாபாரி; எங்களுக்கெல்லாம் 'பாய்'. ஒவ்வொரு கம்பளத்தையும் சிமெண்டுத் தரையில் விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பார்த்தார். கஸ்தூரியின் கம்பளம் ஒரு மூலைகூட எழும்பாமல் படிந்து கிடந்தது. "நீயும் நின்னு பாரும்மா" என்றார். அவள் பாதங்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு, "புண்ணுங்க பாய், அழுக்காயிடும்" என்றாள்.

"இது கப்பல் ஏறிட்டா அப்புறம் எப்ப நிக்கப் போற? ஏறு. திங்கக்கிழமைலேர்ந்து வேலைக்கு வந்துடு."

ஏறினாள். அவர் அடுத்த கம்பளத்திற்குப் போன பிறகும் அவள் இறங்கவில்லை.

அடுத்தது என்னுடையது. ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. பாய் அதைக் கால் விரலால் அழுத்தினார். விரலை எடுத்ததும் மறுபடி எழுந்தது. பெரிய மனிதர், சிரிக்கவில்லை.

"இத மட்டும் உங்க நாற்காலில போட்டுக்குங்கம்மா. உக்காந்துட்டா தெரியாது."

அதன் பிறகு பல ஆண்டுகள், பிறருடைய கம்பளங்களில் குறை காணும் பொறுப்பை நான் நிறைவேற்றியதெல்லாம் என் சொந்தக் குறையின்மேல் அமர்ந்தபடிதான்.