சாளையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்

என் அம்மா பர்மாக்காரி. ரங்கூனில் துணி தைத்துப் பிழைத்தவள். சாகும் முன் எனக்கும் அந்தத் தொழிலைக் கற்றுக் கொடுத்துவிட்டாள். அப்பா நாமக்கல் பக்கத்துக் கூலிக் குடும்பம். அரிசி ஆலை வேலைக்குக் கப்பலேறிப் போனவர். சண்டை வந்து குண்டு விழுந்ததும் அவரும் நானும் காட்டுவழியாக நடந்து கிளம்பினோம். வழியில் வாந்திபேதி அவரைக் கொண்டுபோய்விட்டது. கூட வந்தவர்கள்தான் என்னைச் சேலத்தில் ரயிலைவிட்டு இறக்கி, பெரியப்பா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

பெரியப்பா என்னைக் கண்டதும் அழுதார். அழுதுகொண்டே, "அடுப்படிக்கு மட்டும் போகாத சாமி. உங்காத்தா என்ன சாதின்னு ஊருல கேப்பாங்க" என்றார். அப்பனைக் காட்டில் புதைத்துவிட்டு வந்தவளிடம் சொல்கிற முதல் வார்த்தை அது.

பெரியப்பா பண்ணையம் பார்த்தது ஊரிலேயே பெரிய தோட்டக்காரர் வீட்டில். அந்த வீட்டம்மா மகள் கல்யாணத்துக்காக ஒரு கைத் தையல்மெஷின் வாங்கி வைத்திருந்தார். ஓட்டத்தான் யாருக்கும் தெரியவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்குள் விடவில்லை, மெஷினை மாட்டுக் கொட்டகைக்குத் தூக்கி வந்து கொடுத்தார்கள். சாணி வாடைக்கு நடுவே உட்கார்ந்து ரவிக்கை தைத்தேன். அந்த ஊர்க் கிழவிகள் ரவிக்கை போட்டதில்லை. இளசுகளுக்கு அப்போதுதான் ஆசை வந்திருந்தது. ஒவ்வொருத்தியாக வந்து அளவு கொடுத்தார்கள். நான் தோளைத் தொடலாம், மார்பைச் சுற்றி நூல் பிடிக்கலாம், நான் தைத்தது அவர்கள் உடம்போடு ஒட்டிக் கிடக்கலாம். நான் மொண்டு கொடுக்கும் தண்ணீர் மட்டும் ஆகாது. இது என்ன நியாயமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த வீட்டு மூத்த மகன் மாடு கட்ட வரும்போது பேச்சுக் கொடுப்பார்.

"ரங்கூன் ஆறு நம்ம காவேரியாட்டப் பெருசா அம்மிணி?"

"பெருசுங்க. கப்பலே உள்ள வரும்."

ஒருநாள் மத்தியானம் ஏர் ஓட்டிவிட்டு வந்தவர் தண்ணீர் கேட்டார். "இது நான் குடிக்கற பானைங்க" என்றேன். "தாகத்துக்குத்தான கேட்டேன்" என்று வாங்கிக் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். அதற்குமேல் என் மனசு என் பேச்சைக் கேட்கவில்லை. கட்டிக்கொள்கிறேன் என்று அவராகத்தான் சொன்னார். வீட்டிலும் சொன்னார். ஊர் கூடியது.

கோயில் முன்னால் உட்கார்ந்த பெரியவர்கள் யாருக்கும் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ஊர்ப் பெரியவர் தாம்பூலம் மென்றுகொண்டே, "தம்பி, ஆசைப்பட்டுட்ட, சரி. தோட்டத்துச் சாளைல வெச்சுக்க, யாரு வேண்டாங்கறா? தாலி மட்டும் கட்டப்படாது" என்றார். சாளை என்றால் தோட்டத்துக் குடிசை. இவருடைய அப்பா தோட்டக்காரரும் தலையாட்டினார். சிலர் சிரித்தார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னை யாரும் கேக்கலீங்களே" என்றேன்.

"பொம்பளை பேசற எடமில்ல இது."

"சாளைக்கு நான் வாரதா இல்லீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். சாயங்காலத்துக்குள் பெரியப்பாவே என்னைப் போகச் சொல்லிவிட்டார். வைத்திருந்தால் அவருக்குப் பண்ணைய வேலை போய்விடும்.

அயோத்தியாப்பட்டணத்தில் பட்டாளத்துக்குக் காக்கி தைக்கும் கடையொன்றில் வேலை கிடைத்தது. அங்கே யாரும் என் அம்மாவின் சாதியைக் கேட்கவில்லை. மழைக்காலம் முடிந்து ஒருநாள் பகலில் அவர் வந்து கடை வாசலில் நின்றார்.

"நெலம் வேண்டாம்னு சொல்லீட்டு வந்துட்டேன் அம்மிணி."

"அன்னிக்கு அத்தனை பேரு முன்னால ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலீங்களே."

"வரல. பயந்துட்டேன்."

சாக்குச் சொல்லியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். வேலை முடியும்வரை வெயிலில் நிற்க வைத்தேன், நின்றார். மாரியம்மன் கோயிலில் அவர் தாலி கட்டினார். கடைப் பெண்கள்தான் எனக்குச் சொந்தக்காரர்களாக நின்றார்கள். அவர் ஆத்தூர் அரிசி ஆலைகளுக்கு வண்டி ஓட்டினார்.

அவருடைய அப்பா இறந்தபோது சேதி சொல்லி அனுப்பக்கூட இல்லை. வேறொரு வண்டிக்காரர் சொல்லித்தான் தெரியும். இருவரும் ஓடினோம். ஊர் எல்லையில் அவர் தம்பி ஆட்களோடு மறித்தான்.

"தலை முழுகின ஆளுக்கு இங்க என்ன சோலி?"

அந்தத் தம்பி சாளையில் ஒருத்தியை வைத்திருந்தது ஊருக்கே தெரியும். அவளுக்குப் பிள்ளையும் உண்டு.

"உங்களுக்கு யாரும் தலை முழுகலீங்களா?" என்று கேட்டேன். அவன் ஆட்கள் வழியை விடவில்லை. கொள்ளியை அவன்தான் வைத்தான். ஒருத்திக்கு ஊரறியத் தாலி கட்டியவர் எல்லை வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்று புகையைப் பார்த்து அழுதார்.

இவரும் இப்போது இல்லை. அந்தக் காலம் அப்படி, விட்டுவிடு என்கிறாள் என் மகள். காலமா வந்து எல்லையில் நின்றது? அவர் கூடப்பிறந்தவன் நின்றான். நான் விடுவதாக இல்லை.