செபஸ்தி அண்ணனின் இடது கைக் கிட்டார்

கிட்டார் படிக்கிறவர்கள் எப்போதாவது படித்து முடிப்பார்களா? போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடுவதாக இல்லை.

செபஸ்தி அண்ணனைச் சொல்கிறேன். பதுளைக்குப் பக்கம், ஸ்பிரிங்வெளியில் தேயிலை பெக்டரி வேலை. ஞாயிறு ஆனால் மாதா கோவிலில் கிட்டார். இடது கைக்காரர். சின்ன வயதில் கோவிலில் இருந்தது ஒரே கிட்டார், அதுவும் வலது கைக்காரர்களுக்கானது. மனிதர் என்ன செய்தார்? அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டார். மேலே இருக்க வேண்டிய தடித்த கம்பி கீழே, கீழே இருக்க வேண்டிய மெல்லிய கம்பி மேலே... எல்லாம் தலைகீழ். அதிலேயே முப்பது வருஷமாக வெளுத்து வாங்குகிறார். பைலாப் பாட்டு அடித்தால் வயசாளிகள்கூட எழுந்து ஆடுவார்கள். இனிப் படிக்க ஒன்றுமில்லை என்று என்னிடமே சொல்லியிருக்கிறார் — கொஞ்சம் திமிராகத்தான்.

அந்தத் திமிருக்கு ஆப்பு வைத்தது யார்? மகள்!

கொழும்பில் வேலை செய்யும் ஷாலினி, தன் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அப்பாவுக்குப் பரிசு கொண்டுவந்தாள் — அசல் இடது கைக் கிட்டார். இத்தனை வருஷமும் சிரமப்பட்டு வாசித்தாரே என்ற பாசம். கல்யாணத்தன்று, தான் கோவிலுக்குள் நடந்து வரும்போது அப்பா வாசிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள்.

அண்ணன் வாங்கி மடியில் வைத்தார். ஒன்றும் வரவில்லை. புதியதில் கம்பிகள் முறையான வரிசையில் இருக்கின்றன. அவர் விரல்களுக்குத் தெரிந்ததோ தலைகீழ் வரிசை. கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் சாதாரண கோர்ட்ஸ் பிடிக்கவே நேற்று சேர்ந்த பிள்ளை மாதிரித் தடுமாறினார்.

கம்பிகளைக் கழற்றி மாற்றிப் போட்டால் தீர்ந்தது என்று நான் யோசனை சொன்னேன். பெரிய மேதாவி!

"போடலாம் தம்பி. ஆனா நேரா வாசிச்சா எப்படி இருக்கும்னு எனக்கும் தெரியாதுல்ல? இந்த வயசுலதான் பாக்கக் கெடைச்சிருக்கு."

அடடா... முப்பது வருஷ வித்தையை ஓரமாக வைத்துவிட்டு ஒருவர் ஏன் மறுபடி முதல் வகுப்பில் போய் உட்காருகிறார்? எனக்கு ஆச்சரியம். அவர் வீட்டுக்காரிக்கோ ஆத்திரம். ஊர் முன்னால் மானம் போகும், பழசையே வாசிங்க என்று தினமும் சண்டை. விஷயம் ஷாலினி காதுக்கும் போய், பழசே போதும் என்று அவளும் போனில் கெஞ்சினாள்.

கல்யாணத்தன்று இரண்டு கிட்டாரோடும் வந்தார். கையில் எடுத்தது புதிதை. பழையது பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தது.

தாய்மாமன் கையைப் பிடித்து ஷாலினி நடக்க ஆரம்பித்தாள். வாசிப்பு மெதுவாக, ஆனால் சுத்தமாக வந்தது. பாதி வழியில் விரல் வழுக்கியது. மறுபடி பிடித்தார், கம்பி கரகரத்தது. அவ்வளவுதான், வாசிப்பே நின்றுவிட்டது. கோவில் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. முகம் வெளிறிப்போய், அண்ணனின் கை பழைய கிட்டார் பக்கம் போனது.

ஷாலினி நின்றாள். மாமன் இழுத்தும் அசையவில்லை. அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

"மெதுவா புடிங்கப்பா. நான் நிக்கிறேன்."

அண்ணன் கையை இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாகக் கம்பியில் வைத்தார். சத்தம் சரியாக வந்தது. அவள் நடந்தாள். நான் அழுதேன் — சொல்வதில் என்ன வெட்கம்?

பாவம், மாப்பிள்ளைதான்... பெண் மனம் மாறி நின்றுவிட்டாளோ என்று அவருக்கு வேர்த்து ஊற்றிவிட்டதாம்.